மதுரை வெயிலில் ஒரு பல்கலைக்கழகக் கட்டடம்: முதல் முறை திட்டமிடுவோருக்கு

பல்கலைக்கழகக் கட்டடம் ஒன்று அறுபது, எழுபது வருஷம் நிற்கும். உள்ளே நடக்கும் பாடமும் ஆராய்ச்சியும் பத்து வருஷத்துக்கு ஒரு தடவை உருமாறிவிடும். 1966-ல் மதுரைப் பல்கலைக்கழகம் தொடங்கியபோது ஒவ்வொரு மாணவர் மேசையிலும் ஒரு கணினி இருக்கும் என்று யாரும் கணக்குப் போட்டிருக்க முடியாது. இன்று போடும் வரைபடத்துக்கும் அதே நிலைதான். அதனால் எதிர்காலத்தை ஊகித்து அறைகளை நிரப்ப வேண்டாம். பின்னால் இடிக்காமல் மாற்றவே முடியாதவை ஐந்து: கட்டடம் நிற்கும் திசை, பில்லர்களின் இடைவெளி, மாடியின் உயரம், தளம் தாங்கும் எடை, குழாயும் வயரும் ஏறும் ஷாஃப்ட். இந்த ஐந்திலும் கஞ்சத்தனம் கூடாது. மற்றதெல்லாம் கழற்றி மாட்டும்படி இருந்தால் போதும்.

இது கட்டடக் குழுவில் புதிதாக உட்கார்ந்திருக்கும் ஆசிரியருக்கும், முதல் கல்லூரி வேலையைக் கையில் எடுத்திருக்கும் இளம் ஆர்க்கிடெக்ட்டுக்கும் எழுதியது. மதுரை, திருமங்கலம், மேலூர், உசிலம்பட்டி சுற்று வட்டாரத்தை மனதில் வைத்து அளவுகள் சொல்லியிருக்கிறோம்.

முதலில் கால அட்டவணை, பிறகு வரைபடம்

துறைத் தலைவர்களிடம் "எத்தனை அறை வேண்டும்?" என்று கேட்காதீர்கள். போன வருஷத்துக் கால அட்டவணையைக் கேட்டு வாங்குங்கள். வாரம் 5 நாள், நாளுக்கு 8 பீரியட் என்றால் ஓர் அறைக்கு 40 பீரியட். அதில் 28 பீரியட் ஓடினாலே நல்ல பயன்பாடு. மீதி நேரம் துப்புரவுக்கும் பழுதுபார்க்கவும் கூடுதல் வகுப்புக்கும் வேண்டும். 20 வகுப்புகள், வகுப்புக்கு 30 பீரியட் என்றால் மொத்தம் 600; 28-ஆல் வகுத்தால் 22 அறை. துறைக்குத் துறை சொந்த அறை என்று பிரித்துக் கொடுக்கத் தொடங்கினால் இந்தக் கணக்கு உடைந்து, பாதி அறைகள் பூட்டியே கிடக்கும்.

வகுப்பின் அளவையும் அதே தாளில் எழுதுங்கள். முதுகலையில் 15 முதல் 25 பேர்தான் இருப்பார்கள். எல்லா அறையையும் 60 பேருக்குக் கட்டிவிட்டு, முன் இரண்டு பெஞ்சில் மட்டும் ஆள் உட்காரும் காட்சி நிறையக் கல்லூரிகளில் உண்டு.

மனை: மண்ணும் தண்ணீரும்

மனையின் எல்லையைக் காட்டும் புலப்படத்தையும், நிலத்தின் வகையையும் உரிமையையும் பதிந்து வைத்திருக்கும் அ-பதிவேட்டையும் முதலில் வாங்கிப் பாருங்கள். வாய்க்கால், ஓடை, கண்மாய் உள்வாய் எதுவும் மனைக்குள் வருகிறதா என்று சர்வேயரை வைத்து நேரில் அளக்க வேண்டும். கோடையில் வெறும் பொட்டலாகத் தெரியும் இடத்தில் ஐப்பசியில் முழங்கால் தண்ணீர் நிற்கும். பக்கத்துத் தோட்டத்துப் பெரியவரிடம் "மழைத்தண்ணி எந்தப் பக்கம் ஓடும்?" என்று கேட்டால் போதும், கையை நீட்டிக் காட்டிவிடுவார்.

மண் பரிசோதனைக்கு ஒரு ஏக்கர் அளவுள்ள மனையில் நாலு மூலையிலும் நடுவிலும் ஆக ஐந்து இடத்தில் துளை போட வேண்டும். ஐ.எஸ். 1892 என்ற இந்தியத் தரநிலை சொல்வதும் அதுதான். காசை மிச்சம் பிடிக்க ஒரே துளையோடு நிறுத்தினால், கட்டடத்தின் ஒரு முனை பாறையிலும் மறு முனை நிரப்பு மண்ணிலும் உட்கார்ந்து நடுவில் விரிசல் விடும்.

திருமங்கலம், கள்ளிக்குடிப் பக்கம் கரிசல். கோடையில் கை நுழையும் அளவுக்கு வெடிக்கும், மழையில் உப்பும். அங்கே சாதாரண அடித்தளம் வேண்டாம். அண்டர்-ரீம்டு பைல், அதாவது அடியில் குமிழ் வைத்து மண்ணுக்குள் இறக்கும் கான்கிரீட் தூண் போட்டு, மண் வருஷா வருஷம் அசைகிற ஆழத்தைத் தாண்டி இறக்குங்கள். பைல்களைத் தரைமட்டத்தில் இணைக்கும் பிளிந்த் பீமின் அடியில் 80 மி.மீ. வெற்றிடம் விட வேண்டும். மேஸ்திரிகள் இதை மறந்து மண்ணைத் தட்டி நிரப்பிவிடுவார்கள். மழை வந்ததும் மண் உப்பி பீமைத் தூக்கும். மேலூர், அழகர்கோவில் பக்கம் கதையே வேறு. பல இடங்களில் சில அடியிலேயே பாறை. அடித்தளம் சுலபம், ஆனால் சம்ப்பும் கழிவுநீர்த் தொட்டியும் தோண்டுவது செலவு. எந்த இடத்தில் பாறை ஆழமாக இருக்கிறது என்று பார்த்து அவற்றை அங்கே வையுங்கள்.

திசை: இங்கே வடக்கிலும் வெயில் வரும்

வட இந்தியாவை வைத்து எழுதிய பாடப் புத்தகங்கள், வடக்கு ஜன்னலுக்குச் சன்ஷேட் தேவையில்லை என்று சொல்லும். மதுரைக்கு அது பொருந்தாது. மதுரை ஏறத்தாழ 9.9 பாகை வட அட்சரேகையில் இருக்கிறது. ஏப்ரல் நடுவில், சித்திரை பிறக்கும் நேரத்தில், நண்பகல் சூரியன் நேர் உச்சியில் நிற்கும். மனையில் ஒரு குச்சியை நட்டுப் பாருங்கள், நிழல் குச்சியின் காலடியிலேயே சுருண்டு கிடக்கும். அன்றிலிருந்து ஆகஸ்ட் கடைசி வாரம் வரை நண்பகல் வெயில் வடக்குப் பக்கத்திலிருந்து வருகிறது. ஜூன் 21-ல் அதன் ஏற்றம் 76 பாகைக்குச் சற்று மேல், வடக்கே. டிசம்பர் 21-ல் ஏறத்தாழ 57 பாகை, தெற்கே.

இதைச் சன்ஷேட் அளவாக மாற்றுவோம். 1.5 மீ. உயர ஜன்னலுக்கு வடக்கில் 45 செ.மீ. நீட்டினால் நண்பகல் வெயில் முழுவதும் மறையும். தெற்கில் முழுவதும் மறைக்க 1 மீ. வேண்டும், 75 செ.மீ. போட்டால் முக்கால் பங்குக்கு மேல் மறைந்துவிடும், மார்கழி வெயில் மிச்சம் கொஞ்சம் உள்ளே விழுவதில் தொந்தரவு இல்லை. கிழக்கு, மேற்கில் சன்ஷேட் வேலைக்கே ஆகாது. மாலையில் சூரியன் 30 பாகைக்கு இறங்கும்போது அதே ஜன்னலை மறைக்க 2.6 மீ. நீட்ட வேண்டியிருக்கும். அதனால் கட்டடத்தின் நீள முகங்கள் வடக்கும் தெற்கும் பார்க்கட்டும். மேற்கு முனையில் மாடிப்படி, கழிப்பறை, சாமான் அறை. அந்தச் சுவரை நடுவில் 5 செ.மீ. இடைவெளி விட்ட இரட்டைச் சுவராக, அல்லது செங்கலை நிமிர்த்தி வைத்து நடுவில் வெற்றிடம் விடும் எலிப்பொறிக் கட்டில் கட்டுங்கள். எலிப்பொறிக் கட்டில் செங்கலும் நாலில் ஒரு பங்கு வரை மிச்சமாகும்.

காற்றையும் கவனியுங்கள். தென்மேற்குப் பருவத்தில் காற்று மேற்கிலிருந்து வரும். ஆடியில் அது புழுதியையும் சேர்த்து அள்ளிக்கொண்டு வரும். வகுப்பறைக்கு அந்தக் காற்று வரம், நுண்கருவி அறைக்கு அதுவே வில்லங்கம். ஆகவே வகுப்பறைகளை ஒரு பக்கம் மட்டும் வராந்தா வைத்து, இரண்டு பக்கமும் ஜன்னல் திறக்கும்படி அமையுங்கள். ஆய்வுக்கூடங்களை நடுவில் தாழ்வாரம் வைத்து இருபுறமும் அடுக்கலாம், அங்கே ஜன்னலுக்கு ரப்பர் பட்டை அவசியம். இரண்டையும் ஒரே மாதிரி வரைந்தால் ஏதாவது ஒன்று கெடும்.

முற்றம் வைக்க ஆசை வரும். திருமலை நாயக்கர் மகாலின் முற்றமும் உயர்ந்த தூண் வரிசையும் கண் முன் நிற்கும்போது ஆசை நியாயம்தான். ஆனால் நாலு மாடிக்கு நடுவில் 6 மீ. அகலத்தில் விடுவது முற்றம் அல்ல, கிணறு. குறைந்தது 9 மீ. விட முடிந்தால் வையுங்கள், முடியாவிட்டால் விட்டுவிடுங்கள்.

கட்டம், உயரம், எடை

இந்தப் பகுதியை அவசரப்படாமல் படியுங்கள்.

ஆய்வுக்கூடத்தின் அடிப்படை அகலம் 3.3 மீ. சுவரோரம் 75 செ.மீ. பெஞ்ச், நடுவில் 1.8 மீ. நடைபாதை, எதிரில் இன்னொரு 75 செ.மீ. பெஞ்ச். இரண்டு பேர் முதுகோடு முதுகாக வேலை செய்யும்போது மூன்றாமவர் கையில் குடுவையோடு இடிக்காமல் கடக்க அந்த 1.8 வேண்டும். 1.2 ஆக்கினால் விபத்து. இந்த 3.3-ஐ இரட்டித்தால் 6.6 மீ.; பில்லர் இடைவெளி அதுவே இருக்கட்டும். அறையின் ஆழம் 10 மீ., நடுவில் பில்லர் கூடாது. பில்லர்களுக்கு நடுவே இப்படி அமையும் ஒரு கட்டம் 66 சதுர மீட்டர். பொறியியல் கல்லூரி வகுப்பறைக்கும் ஆய்வுக்கூடத்துக்கும் ஏஐசிடிஇ எனும் அகில இந்தியத் தொழில்நுட்பக் கல்விக் கவுன்சில் நெடுங்காலம் கேட்டு வந்ததும் 66 தான். அரைக் கட்டம் 33, சிறு வகுப்புக்கு. இரண்டு கட்டம் 132: மேசைகளை நகர்த்திக் குழுவாக உட்கார்ந்து படிக்கும் 60 பேருக்கு, தலைக்கு 2.2 சதுர மீட்டர். இன்று வகுப்பறையாக இருக்கும் கட்டம் நாளைக்கு ஆய்வுக்கூடமாக மாறவும், இரண்டு ஆய்வுக்கூடங்கள் ஒன்றாகச் சேரவும் இந்த ஒரே அளவு வழிவிடும்.

மாடிக்கு மாடி 4.2 மீ. வையுங்கள். 10 மீ. பீமுக்கு 75 செ.மீ. ஆழம் போனால் 3.45 மிஞ்சும், அதன் அடியில் காற்றுக்குழாய் 45 செ.மீ. எடுத்தாலும் தலைக்கு மேல் 3 மீ. இருக்கும். 3.3 மீ. உயரத்தில் கட்டிவிட்டால் அந்த மாடியில் இனி எந்தக் காலத்திலும் நல்ல ஆய்வுக்கூடம் வராது. நாலு மாடிக்கு 16.8 மீ., தரைமட்ட உயர்வு 60 செ.மீ. சேர்த்தால் 17.4. தமிழ்நாடு ஒருங்கிணைந்த கட்டட விதிகள் 2019-ன்படி 18.30 மீட்டரைத் தாண்டினால் உயரடுக்குக் கட்டடம் ஆகிவிடும். தீயணைப்பு ஏற்பாடு, காலியிடம், அனுமதி எல்லாமே கனக்கும். நாலோடு நிறுத்துவது புத்திசாலித்தனம்.

எடைக்கு ஐ.எஸ். 875 வகுப்பறைக்கும் ஆய்வுக்கூடத்துக்கும் சதுர மீட்டருக்கு 3 கிலோநியூட்டன், அதாவது ஏறத்தாழ 300 கிலோ சொல்கிறது. நூலகப் புத்தக அடுக்குக்கு 6. எல்லாத் தளத்தையும் 5-க்குப் போடச் சொல்லுங்கள். கம்பியும் கான்கிரீட்டும் கொஞ்சம் கூடும். பதிலுக்கு எந்த இடத்திலும் லேசான சுவரை எழுப்பலாம், கனமான கருவியை வைக்கலாம். புத்தக அடுக்கு மட்டும் தரைத்தளத்திலேயே இருக்கட்டும். இழுவிசைக் கேபிள் ஓடும் போஸ்ட்-டென்ஷன் தளத்தை ஆய்வுக்கூடத்துக்குத் தவிர்ப்பது நல்லது. பத்து வருஷம் கழித்து யாரோ ஒருவர் குழாய்க்காகத் துளை போடுவார். கேபிள் அறுந்தால் தளத்துக்கே ஆபத்து.

எலக்ட்ரான் நுண்ணோக்கி போன்ற அதிர்வு தாங்காத கருவிகளுக்குத் தரைத்தளம், அதுவும் லிஃப்ட், டிரான்ஸ்ஃபார்மர், ஜெனரேட்டர் மூன்றுக்கும் தொலைவில். அதிர்வு மட்டுமல்ல, காந்தப்புலமும் படத்தைக் கலைக்கும்.

ஷாஃப்ட்டும் ஃபியூம் ஹூடும்

இரண்டு ஆய்வுக்கூடத்துக்கு ஒரு ஷாஃப்ட், 1.2 க்கு 2 மீ., தரையிலிருந்து மொட்டைமாடி வரை நேராக. கதவு தாழ்வாரம் பக்கம் திறக்க வேண்டும். ஆய்வுக்கூடத்துக்குள் திறந்தால் பிளம்பர் வரும் ஒவ்வொரு தடவையும் சோதனை நின்றுபோகும். முதல் நாளில் பாதி ஷாஃப்ட் காலியாக இருக்க வேண்டும். "இடம் வீணாகிறதே" என்று யாராவது சொல்வார்கள். விட்டுக்கொடுக்காதீர்கள், எதிர்காலம் ஏறி வரப்போகும் வழி அதுதான்.

வேதியியல் வேலைக்கு, நச்சுப்புகையை உறிஞ்சி வெளியேற்றும் பெட்டியான ஃபியூம் ஹூட் தவிர்க்க முடியாது. திறப்பில் காற்றின் வேகம் விநாடிக்கு 0.5 மீ. இருக்க வேண்டும். 1.5 மீ. அகலம், அரை மீட்டர் திறப்பு என்றால் மணிக்கு 1,350 கன மீட்டர் காற்று வெளியேறும். 66 சதுர மீட்டர் அறையில் இரண்டு ஹூட் வைத்தால் நாலரை நிமிடத்துக்குள் அறைக் காற்று முழுவதும் வெளியே போய்விடும். அதே அளவு காற்று உள்ளே வர வழி வைக்காதபோது இரண்டு நடக்கும்: வெளிப்பக்கம் திறக்கும் கதவை இழுக்க முடியாது, ஹூடின் இழுப்பு தளர்ந்து நச்சுப்புகை முகத்துக்கு வரும். புதுக் கட்டடங்களில் மாணவர்கள் கதவுக்குச் செங்கல் முட்டுக் கொடுத்து வைத்திருந்தால் காரணம் பெரும்பாலும் இதுதான்.

ஹூட் உள்ள ஆய்வுக்கூடங்களை மேல்மாடியில் வைத்தால் குழாய் நீளம் குறையும். மின்விசிறி மொட்டைமாடியில் இருக்க வேண்டும், அறைக்குள் அல்ல. அப்போதுதான் குழாயில் ஓட்டை விழுந்தாலும் புகை கட்டடத்துக்குள் கசியாது. புகைக்குழாய் தளத்துக்கு மேல் 3 மீட்டராவது உயரட்டும். வெளிக்காற்றை உள்ளே எடுக்கும் வாயிலை அதற்கு எதிர்முனையில் வையுங்கள்.

வாயு சிலிண்டர்கள் கட்டடத்துக்கு வெளியே, நிழலான கம்பிக்கூண்டில், சங்கிலி கட்டி நிற்கட்டும். குழாய் மட்டும் உள்ளே போகட்டும். திரவ நைட்ரஜன் வைக்கும் அறையில் ஆக்சிஜன் அளவு 19.5 சதவீதத்துக்குக் கீழே போனால் அலறும் கருவி கட்டாயம். ஆளுக்கே தெரியாமல் மயங்கி விழ வைக்கும் வாயு நைட்ரஜன்.

அமிலக் கழிவுக்குத் தனிப் பாலிபுரொப்பிலீன் குழாய், தனி நடுநிலையாக்கும் தொட்டி. அதைக் கழிப்பறைக் குழாயோடு சேர்த்தால் கழிவுநீர்த் தொட்டியில் நொதிக்கும் கிருமிகள் செத்து நாறும். இன்னொரு சின்ன விஷயம்: தரையில் இருக்கும் ட்ராப்பில் 50 மி.மீ. தண்ணீர் நிற்பதால்தான் சாக்கடை வாடை மேலே வராமல் இருக்கிறது. மே மாத விடுமுறையில் அது வற்றிவிடும். வாரம் ஒரு தடவை ஒரு வாளித் தண்ணீர் ஊற்றும் வேலையைக் காவலாளியின் பட்டியலில் எழுதி வையுங்கள்.

படிக்கும் இடம்

வகுப்பறைக்கு முதலில் மின்விசிறி, பிறகுதான் ஏசி. ஒரு கட்டத்துக்கு 1,200 மி.மீ. விசிறி ஆறு, 3.3 மீ. இடைவெளியில் இரண்டு வரிசை. மின்சாரம் மிச்சம் பிடிக்கும் மோட்டார் வைத்த பிஎல்டிசி விசிறி என்றால் ஆறுக்கும் சேர்த்து 200 வாட் அளவில் முடியும். பழைய வகை 450 இழுக்கும். கான்கிரீட் அறை எதிரொலிக்கும், ஆசிரியர் கத்த வேண்டியிருக்கும். சீலிங்கில் மூன்றில் இரண்டு பங்கும் பின்சுவரும் மரநார்ப் பலகை ஒட்டினால் எதிரொலி நேரம் 0.6 விநாடிக்கு இறங்கும். வெளிச்சம் ஜன்னல் உச்சியின் உயரத்தைப் போல இரண்டு, இரண்டரை மடங்கு தூரம்தான் உள்ளே போகும், 10 மீ. அறைக்கு இரண்டு பக்கமும் ஜன்னல் வேண்டும் என்பதற்கு அதுவும் ஒரு காரணம்.

மாணவர்கள் ஒருவருக்கொருவர் சொல்லிக் கொடுத்துக்கொள்வது பெரும்பாலும் அறைக்கு வெளியேதான். அதற்கு நம் ஊரில் ஏற்கெனவே ஒரு வடிவம் உண்டு: திண்ணை. வராந்தாவை 2.4 மீட்டரோடு நிறுத்தாமல் 3 மீ. ஆக்கி, சுவரோரம் 45 செ.மீ. உயரம், 50 செ.மீ. அகலத்தில் திண்ணை கட்டுங்கள். முனையை உருட்டி, பளபளப்பில்லாத கடப்பாக் கல் பதியுங்கள். வெயில் படாத பக்கம் அது மதியத்திலும் குளிர்ச்சியாக இருக்கும். 1.5 மீட்டருக்கு ஒரு பிளக், எதிர்ச்சுவரில் சாக்குக்கட்டியால் எழுதும் பலகை. நடக்கும் வழி 2.4 மீட்டருக்குக் குறையக் கூடாது. ஆபத்து நேரத்தில் கூட்டம் ஓட வேண்டியது அதே வழிதான்.

எல்லோரும் உள்ளே வர, எல்லோரும் வெளியேற

60 செ.மீ. உயரத்துக்குச் சாய்தளம் 7.2 மீ. நீளம் வேண்டும், 1:12. இடம் போதவில்லை என்று 4 மீட்டரில் செங்குத்தாகப் போட்டால் சக்கர நாற்காலியில் வருபவர் அடுத்தவர் கையை எதிர்பார்க்க வேண்டும். கதவு திறப்பு 90 செ.மீ., ஆய்வுக்கூடத்துக்கு ஒன்றரைக் கதவாக 1.2 மீ. மாடிப்படி அகலம் 1.5 மீ., எந்த மூலையிலிருந்தும் 30 மீட்டருக்குள் ஒரு வெளியேறும் வழி. ஆய்வுக்கூடம் ஒவ்வொன்றுக்கும் இரண்டு கதவு.

மின்சாரம், இணையம், தண்ணீர்

கேட்-6 என்ற இணையக் கேபிள் 90 மீட்டருக்கு மேல் ஓடக் கூடாது. மாடிக்கு ஒரு நெட்வொர்க் அறை, கட்டடத்தின் நடுவில். ஒரு மூலையில் வைத்தால் மறு முனை அறைக்குக் கேபிள் எட்டாது. கருவிகளுக்கு எர்த் தனியாக வேண்டும். பாறை நிலத்தில் கோடையில் எர்த் மின்தடை ஏறிக்கொண்டே போகும்; ஒரே குழியை நம்பாமல் பல குழிகள், குழிக்குக் குழி கம்பி நீளத்தைப் போல இரண்டு மடங்கு தள்ளி. அளப்பது ஏப்ரல், மே மாதத்தில். நவம்பரில் எடுத்த நல்ல எண்ணைக் காட்டி பில் போடுவார்கள், ஏற்காதீர்கள்.

தினப்படி வந்து போகும் மாணவருக்கு 45 லிட்டர் தண்ணீர் கணக்கு. ஆயிரம் பேருக்கு 45,000 லிட்டர். மதுரையில் வருஷ மழை சுமார் 850 மி.மீ., அதிகம் பெய்வது வடகிழக்குப் பருவத்தில். ஆயிரம் சதுர மீட்டர் மொட்டைமாடியில் ஐந்தில் ஒரு பங்கு போக, 6.8 லட்சம் லிட்டர் பிடிக்கலாம். 60 சதுர மீட்டருக்கு ஒரு 100 மி.மீ. மழைநீர்க் குழாய், 100 அடிக்கு ஓர் அடி வாட்டம். செங்கல் ஜல்லியும் சுண்ணாம்பும் போட்டுத் தட்டோடு பதித்த தளம் மதுரை வெயிலுக்குச் சோடை போகாது, மேலே வெள்ளைப் பூச்சு இன்னும் நல்லது.

சூரியத் தகடுக்கு ஒரு கிலோவாட்டுக்கு 10 சதுர மீட்டர். மாடியில் 600 சதுர மீட்டர் கிடைத்தால் 60 கிலோவாட், நாளுக்கு 240 யூனிட் அளவில் வரும். அதைத் தாங்கும் குட்டையான கான்கிரீட் தூண்களைத் தளம் போடும்போதே எழுப்பிவிடுங்கள். பின்னால் தட்டோட்டைத் துளைத்து போல்ட் இறக்கினால் முதல் மழையிலேயே ஒழுகும்.

பூச்சுக்கு முன், ஒப்படைப்புக்கு முன்

சுவரில் தண்ணீர்க் குழாயும் வயர் ஓடும் கண்ட்யூட்டும் பதித்த பிறகு, பூசுவதற்கு முந்தைய நாள், ஒவ்வொரு சுவரிலும் அளவு டேப்பை விரித்துப் பிடித்துப் புகைப்படம் எடுங்கள். அறை எண்ணைச் சாக்குக்கட்டியால் சுவரில் எழுதி, அது படத்தில் விழ வேண்டும். ஓர் அறைக்கு ஐந்து படம்: நாலு சுவர், ஒரு சீலிங். அச்சிட்ட தொகுப்பு ஒன்று எலக்ட்ரீஷியன் அறையில், இன்னொன்று நூலகத்தில்.

காண்ட்ராக்டரின் பழுதுப் பொறுப்புக் காலம் 12 மாதத்துக்குக் குறையாமல் ஒப்பந்தத்தில் எழுதுங்கள். நிறுத்தி வைத்த பணத்தை விடுவிக்கும் தேதியை நாள்காட்டியில் பார்த்துக் குறியுங்கள். ஓர் ஐப்பசி–கார்த்திகை மழையும் ஒரு சித்திரை வெயிலும் கட்டடத்தின் மேல் முழுதாகக் கடந்திருக்க வேண்டும். டிசம்பரில் ஒப்படைத்த கட்டடத்துக்கு அடுத்த மழை முடிய ஒரு வருஷம் ஆகும். நவம்பரிலேயே கணக்கை முடித்துக் கொடுத்துவிட்டால் ஒழுகும் இடத்தை உங்கள் செலவில்தான் அடைக்க வேண்டியிருக்கும்.